ஒரு டன் இலக்கியமும் சாத்தாத கதவும்

நாட்டில் பணம் வற்றினால் புத்தகங்களின் விலை விழுந்துவிடும் என்று பரவலாக ஒரு நம்பிக்கை இருக்கிறது. படித்தவர்களே இதை நம்புகிறார்கள். இது பிழை. முதலில் விழுவது விலை அல்ல, வாங்குபவரின் நாகரிகம். பணம் புழங்கும் காலத்தில் ஒருவர் புத்தகக் கடைக்குள் வந்தால் அலமாரியை ஒரு பார்வை பார்ப்பார். "அந்த வரிசை முழுக்க அனுப்பிடுங்க" என்பார். புத்தகத்தைத் திறக்க மாட்டார். பணம் வற்றிய காலத்தில் அதே மனிதர் வருவார், கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொள்வார், திறப்பார். பக்கங்களை எண்ணுவார். முகர்ந்தும் பார்ப்பார். அப்படித் திறந்து பார்க்கத் தகுந்த யோக்கியமான புத்தகங்கள் உலகில் மிகக் குறைவு. விலை விழுவது அதற்குப் பிறகுதான்.

டோக்கியோவின் ஜிம்போச்சோ வட்டாரத்தில் பழைய புத்தகக் கடை வைத்திருந்த இசோகாய் ஹேய்சோ இந்த உண்மையை ஏற்க மறுத்தார். விலை, நாகரிகம் இரண்டுமே விழவில்லை, சற்று உட்கார்ந்திருக்கின்றன, அவ்வளவுதான் என்பது அவர் கட்சி. 1994 மார்ச் மாதத்தில் அந்தக் கட்சியில் அவர் ஒருவர்தான் இருந்தார்.

கடைக்கு மேலே ஆறு பாய் விரிக்கும் அளவில் ஓர் அறை. அதில் முப்பத்தெட்டு முழுத் தொகுப்புகள் இருந்தன. ஓர் ஆசிரியர் எழுதியதையெல்லாம், எழுதாமல் விட்டிருக்கலாம் என்று அவரே நினைத்ததையும் சேர்த்து, இருபது முப்பது தொகுதிகளாகக் கட்டுவதற்கு முழுத் தொகுப்பு என்று பெயர். ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு, பங்குச் சந்தை கூரையைப் பிய்த்துக்கொண்டு போன நாட்களில், கம்பெனித் தலைவர்கள் வரவேற்பறைச் சுவரை அளந்து வந்து இவற்றை மீட்டர் கணக்கில் வாங்கினார்கள். நீல அட்டை மூன்று மீட்டர், பழுப்பு அட்டை இரண்டு மீட்டர். இசோகாய் கிடைத்த தொகுப்பையெல்லாம் வாங்கி மாடியில் ஏற்றினார். இப்போது அந்தக் கம்பெனிகளில் பலவற்றுக்கு வரவேற்பறை இல்லை. சிலவற்றுக்குக் கம்பெனியே இல்லை. தொகுப்புகள் மட்டும் மாடியில் இருந்தன. எடை ஒரு டன்னுக்குச் சற்று மேல்.

மாடியின் தரை வளைந்தது. தரை வளைந்ததால் அதன் கீழே இருந்த கழிவறையின் நிலை கோணியது. நிலை கோணியதால் கதவைச் சாத்த முடியவில்லை. நான்கு விரல் இடைவெளி எப்போதும் இருந்தது. ஆகவே உள்ளே இருப்பவர் தாம் உள்ளே இருப்பதைக் குரல் கொடுத்து அறிவிக்க வேண்டும் என்று வீட்டில் ஓர் ஏற்பாடு. இசோகாய் தம் பள்ளிக்கூடப் பாடலைப் பாடுவார். அவர் மனைவி தோமியே பாட மாட்டாள். ஒவ்வொரு தொகுப்பையும் அன்று வாங்கிய விலையையும் இன்று கேட்கிற விலையையும் மாற்றி மாற்றி ஒப்பிப்பாள். கடையில் வாடிக்கையாளர் இருந்தால் குரல் சற்று உயரும்.

முந்தின ஆண்டுக் கோடை குளிர்ந்துபோனதால் நெல் விளையவில்லை. அரசாங்கம் தாய்லாந்திலிருந்து அரிசி இறக்கியது. ஜப்பானியருக்குக் குச்சியால் எடுக்க ஒட்டுகிற சோறு வேண்டும், இது ஒட்டாது. அதையும் இசோகாய் ஏற்கவில்லை.

"என்னடி சோறு இது? ஒண்ணோட ஒண்ணு ஒட்டவே மாட்டேங்குது."

"விக்காத புத்தகத்தை வச்சிருக்கிறவங்களுக்கு ஒட்டாத சோறு போதும்."

"புத்தகம் விக்கும். கொஞ்சம் பொறுமை வேணும்."

"எனக்கு இருக்குங்க பொறுமை. மேல இருக்கிற தரைக்குத்தான் இல்லை. நேத்து தொடப்பத்தால உத்தரத்தைத் தட்டினேன். பதிலுக்கு முனகுது."

"மரம்னா சத்தம் போடும்."

"நாம படுக்கிறது அதுக்கு நேர் கீழே. இத பாருங்க. மார்ச் முடியறதுக்குள்ள மேல இருக்கிறதுல பாதியாவது இறங்கணும். இல்லேன்னா நான் சோஷிக்கு, எங்க அக்கா வீட்டுக்குப் போயிடறேன். முழுத் தொகுப்பு தலையில விழுந்து செத்தாள்னு பேப்பர்ல வந்தா, படிக்கிறவங்க என்னைப் படிச்சவள்னு நெனச்சிடுவாங்க."

"உங்க அக்கா வீட்டுல எத்தனை நாள் இருப்பே?"

"அங்க கழிவறைக் கதவைச் சாத்த முடியும்."

இருபத்தாறு ஆண்டுத் தாம்பத்தியத்தில் தோமியே அக்கா வீட்டுக்குப் போவதாக இரண்டு முறை சொல்லியிருக்கிறாள். இரண்டு முறையும் போனாள். இரண்டாவது முறை இசோகாய் பதினொரு நாள் தெருமுனைக் கடை நூடுல்ஸ் சாப்பிட்டுக் கால் வீங்கினார். விற்க வேண்டும். ஆனால் தம் கட்சி தோற்காத விலைக்கு விற்க வேண்டும்.

மறுநாளே ஒருவர் வந்தார். ஓய்வு பெற்ற பல் மருத்துவர். நூறாண்டுக்கு முந்தின மெய்ஜி காலக் கட்டுரையாளர் ஒருவரின் இருபத்தெட்டுத் தொகுதிகளைப் பார்க்க வேண்டும் என்றார். இசோகாய் முதல் தொகுதியை இரண்டு கையாலும் நீட்டினார். பல் மருத்துவர் அதை வாய் திறப்பதுபோல் திறந்தார். கடைசிப் பக்கம் வரை உள்ளே பார்த்தார்.

"மாதத் தாள் எங்கே?"

"அது இல்லைங்க. ஆனா அட்டை பாருங்க, பெட்டி பாருங்க, புதுசு மாதிரி..."

"மாதத் தாள் இல்லாம முழுத் தொகுப்புன்னு எப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டுப் புத்தகத்தை மூடினார். போய்விட்டார்.

மாதத் தாள் என்பது எட்டுப் பக்கத்தில் ஒரு மெல்லிய மடிப்பு. மாதம் ஒரு தொகுதி வெளிவந்த காலத்தில் ஒவ்வொன்றுக்குள்ளும் பதிப்பாளர் ஒரு தாளைச் செருகி அனுப்புவார். ஆசிரியருக்கு எந்த மீன் பிடிக்கும், யாரோடு சண்டை, சென்ற மாதத் தொகுதியில் நேர்ந்த அச்சுப் பிழைக்கு வருத்தம், இவைதான் அதில் இருக்கும். இசோகாய்க்கு அது அறவே பிடிக்காது. "தைச்சதுதான் புத்தகம். தைக்காதது தாள்" என்பது அவர் சூத்திரம். செருகிய தாளால் புத்தகம் வாய் பிளந்து நிற்கிறது என்று, வாங்கிய தொகுப்பிலிருந்தெல்லாம் இருபது ஆண்டுகளாக உருவிப் போட்டார். கட்டாகக் கட்டி, மேலே தம் கையால் "குப்பை" என்று தூரிகையில் எழுதி, தோமியேயிடம் கொடுத்துவிடுவார். ஒலிபெருக்கி வைத்த சிறு லாரி ஒன்று தெருத் தெருவாக வந்து பழைய காகிதத்தை வாங்கிக்கொண்டு கழிவறைக் காகிதச் சுருள் கொடுக்கும். ஒரு தொகுப்பின் தாளுக்கு இரண்டு சுருள் வரவு. அந்த வீட்டில் சுருளுக்குப் பஞ்சமே வந்ததில்லை. காகிதச் சுருளைக் காசு கொடுத்து வாங்காத ஒரே புத்தகக் கடைக்காரன் தான்தான் என்று இசோகாய் நண்பர்களிடம் சொல்லிக்கொள்வார்.

பணம் புழங்கிய காலத்தில் மாதத் தாளை யாரும் கேட்டதில்லை. திறந்தால்தானே இல்லாதது தெரியும்.

பல் மருத்துவர் போன பிறகு தோமியே கேட்டாள்: "அந்தத் தாளெல்லாம் இருந்திருந்தா அவர் வாங்கியிருப்பாரா?"

"அவர் மட்டுமா? இப்ப எல்லாரும் அதைத்தான் முதல்ல கேக்கறாங்க. தாள் இருந்தா முப்பதாயிரம், இல்லேன்னா மூவாயிரம். பைத்தியக்கார உலகம்."

"யார்கிட்டயாவது இருக்குமா?"

"எவன் வச்சிருப்பான்? இருந்தா அவன் மகராசன். ரெண்டு லட்சம் யென் கொடுத்து வாங்குவேன். தலை தரையில படற மாதிரி குனிஞ்சு வாங்குவேன்."

"ரெண்டு லட்சமா?"

"ரெண்டு லட்சம்."

"தலையும் தரையில படும்?"

"படும்ங்கறேன்ல!"

"சரி" என்றாள் தோமியே.

விவாதம் எதுவும் செய்யாமல் தோமியே "சரி" என்று சொன்னது இசோகாய்க்கு வியப்பாக இருந்திருக்க வேண்டும். அவர் சோற்றுப் பருக்கைகளை ஒன்றுசேர்க்கும் முயற்சியில் இருந்தார்.

வெள்ளிக்கிழமை புத்தக வியாபாரிகளின் சந்தை. சங்கத்துக் கட்டடத்தில், உறுப்பினர்களுக்கு மட்டும் நடக்கும். விற்பவர் யார் என்பது வெளியே தெரியாது. ஒவ்வொரு பொருளோடும் ஓர் உறை தொங்கும். வேண்டுகிறவர் விலையைச் சீட்டில் எழுதி, மடித்து, உறைக்குள் போடுவார். ஒரே சீட்டில் மூன்று விலை எழுதலாம் என்பதுதான் இதன் நுட்பம். கீழ் விலையே மற்றவர்களை ஜெயித்துவிட்டால் கீழ் விலையைக் கொடுத்தால் போதும். யாராவது அதைத் தாண்டியிருந்தால் நடு விலை. அதையும் தாண்டியிருந்தால் மேல் விலை. விற்பவரும் ஒரு சீட்டு போட்டுக்கொள்ளலாம், தம் பொருள் அடிமாட்டு விலைக்குப் போகாமல் தடுக்க.

இன்னொன்று. இரண்டு பேர் ஒரே விலை எழுதிவிட்டால் தகராறு. அதனால் ஒவ்வொருவரும் விலையின் வாலில் கொஞ்சம் சில்லறை ஒட்டுவார்கள். அதற்கு மீசை என்று பெயர். இசோகாயின் மீசை ஐந்நூற்று இருபது. ஐந்தாம் மாதம் இருபதாம் தேதி, அவருடைய கல்யாண நாள். அந்தத் தேதியை அவர் வீட்டில் ஒருமுறைகூட நினைவு வைத்ததில்லை. சந்தையில் ஒருமுறைகூட மறந்ததில்லை.

அந்த வெள்ளிக்கிழமை சோதனைக்காக ஒரு தொகுப்பை எடுத்துப்போயிருந்தார், முப்பது தொகுதி. விழுந்த ஒரே சீட்டு இரண்டாயிரத்து நூறு யென். வந்துபோன டாக்சிக் கூலி அதைவிட அதிகம். இசோகாய் மண்டபத்தின் ஓரமாக நடந்தபோதுதான் அதைப் பார்த்தார்.

நான்கு ஆரஞ்சுப் பழப் பெட்டிகள். உறையின் மேல் எழுதியிருந்தது: "முழுத் தொகுப்புகளின் மாதத் தாள்கள். பல."

மேலே கிடந்த கட்டை ஒரு விரலால் நகர்த்தினார். மெய்ஜி காலக் கட்டுரையாளர். ஒன்று முதல் இருபத்தெட்டு வரை, வரிசையாக. அடுத்த கட்டும் மாடியில் இருக்கும் தொகுப்புடையதே. அவர் இதயம் கீழ் விலையிலிருந்து மேல் விலைக்குத் தாவியது. இவற்றைச் செருகினால் மாடி முழுவதும் ஒரே நாளில் முழுமையாகிவிடும். மார்ச்சுக்குள் விற்றுவிடலாம். தோமியே சோஷிக்குப் போக மாட்டாள். கட்சியும் தோற்காது.

அனுபவமுள்ள வியாபாரி வேண்டிய பொருளைப் பார்க்க மாட்டான். பார்த்தால் மற்றவர்களும் பார்ப்பார்கள். ஆகவே இசோகாய் அந்தப் பெட்டிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பக்கத்தில் இருந்த சமையல் புத்தகங்களை இருபது நிமிடம் உன்னிப்பாக ஆராய்ந்தார்.

"என்ன இசோகாய் சான், சமையல்ல இறங்கிட்டீங்க போலிருக்கே?"

மரியாதைக்குச் சேர்க்கும் 'சான்' விடாமல் பேசுகிற பக்கத்துக் கடை நெமோதோ. பழைய வரைபடங்கள் விற்பவர். அன்று உறைகளைப் பிரித்து அறிவிக்கும் முறை அவருடையது.

"வீட்டுல தாய்லாந்து அரிசி. ஏதாவது வழி சொல்லியிருக்கான்னு பார்க்கறேன்."

"அந்தப் பெட்டி?"

"எந்தப் பெட்டி?"

"உங்க காலை இடிச்சிட்டு நிக்குதே, அது."

"ஓ, இதுவா." இசோகாய் அப்போதுதான் கண்டதுபோல் குனிந்தார். "குப்பை."

"குப்பைதான்" என்றார் நெமோதோ மரியாதையாக. "அதுலயே எழுதியிருக்குன்னு கேள்வி."

இசோகாய்க்குக் கேட்டது. மனதில் விழவில்லை. அவர் தூணுக்குப் பின்னால் நின்று சீட்டு எழுதினார். கீழ் விலை எண்பதாயிரத்து ஐந்நூற்று இருபது. யார் போட்டிக்கு வரப்போகிறார்கள், இதிலேயே முடிந்துவிடும். நடு விலை ஒரு லட்சத்து முப்பதாயிரத்து ஐந்நூற்று இருபது. இது மரியாதைக்கு. மேல் விலைக்கு வந்ததும் பேனா ஒரு கணம் நின்றது. பிறகு, வீட்டில் சொன்ன எண்தான் கைக்கு வந்தது. இரண்டு லட்சத்து ஐந்நூற்று இருபது. இது வெறும் அலங்காரம்.

உறைகள் பிரிக்கப்பட்டன. நெமோதோ அந்த உறைக்குள் இருந்த சீட்டுகளை ஒவ்வொன்றாக விரித்தார். தொண்டையைச் செருமினார்.

"மாதத் தாள், நாலு பெட்டி. இசோகாய் கடை." ஒரு மூச்சு விட்டார். "மேல் விலை."

மண்டபம் திரும்பிப் பார்த்தது. அந்த ஆண்டில் மேல் விலை என்ற சொல்லையே அங்கே பலர் மறந்திருந்தார்கள்.

இசோகாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனார். "யாரு எதிர்ச்சீட்டு?"

"அது சொல்லக்கூடாதே."

"எவ்வளவுன்னாவது சொல்லுங்க."

நெமோதோ சுற்றுமுற்றும் பார்த்தார். "ரெண்டு லட்சத்து ஐந்நூத்துப் பத்து."

"பத்து யென்னா! பத்து யென்லயா நான் ஜெயிச்சேன்?"

"பத்தே யென். பெரிய மூளைங்க உங்களுக்கு" என்று சொல்லிவிட்டு நெமோதோ அவசரமாக வேறு உறையைப் பிரிக்கப் போனார். அவர் தோள் குலுங்கியது. இருமல் என்று இசோகாய் நினைத்தார்.

பணத்தைக் கட்டும்போது நோட்டுகளை இரண்டு முறை எண்ணினார். ஆனால் பெட்டிகளைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வரும் வழியில் கணக்கு மாறியது. பத்து யென்னில் எவனோ ஒரு பெரிய தலை மண்ணைக் கவ்வியிருக்கிறான். தெரு முனை வருவதற்குள் அது ஒரு மாபெரும் வெற்றியாகிவிட்டது. வீட்டில் என்ன சொல்வது என்பதும் முடிவாகிவிட்டது.

"என்னங்க பெட்டி?" தோமியே வாசலில் நின்றாள்.

"மாதத் தாள். சந்தையில சும்மா கிடந்தது. எவனுக்கும் அருமை தெரியலை. நாலாயிரம் யென்."

"நாலாயிரமா! அடேயப்பா."

"கண்ணு வேணும். அதுக்குன்னு ஒரு கண்ணு வேணும்."

"தூக்குங்க, நானும் ஒரு கை பிடிக்கறேன்" என்றாள். பிடித்தாள். பெட்டிகள் பாயில் இறங்கின. தோமியே தேநீர் போட உள்ளே போனாள். இசோகாய் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முதல் பெட்டியின் மேல் கட்டுகளை எடுத்து வெளியே வைத்தார். மூன்றாவது அடுக்கில் ஒரு கட்டின் மேல் தேநீர்க் கிண்ணத்தின் வட்டக் கறை இருந்தது. அந்தக் கறைக்குள், தூரிகையில், வால் நீண்ட எழுத்தில், "குப்பை" என்று இருந்தது.

அவர் அடுத்த கட்டை எடுத்தார். "குப்பை." அதற்கடுத்தது. "குப்பை. லாரிக்கு."

நாலாவது பெட்டி வரை போனார். பிறகு பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்தார்.

"தோமியே."

"ம்."

"இதுல என் கையெழுத்து இருக்கு."

"அழகான கையெழுத்து" என்றாள் அவள், தேநீரை வைத்தபடி. "அதனாலதான் தூக்கிப் போட மனசு வரலை."

"அப்ப அந்தச் சுருள்? இத்தனை வருஷமா வந்ததே, டாய்லெட் பேப்பர்?"

"மருந்துக் கடையில காசு கொடுத்து வாங்கினேன்."

அன்றைய செய்திகளில் இதுதான் இசோகாயை அதிகம் தாக்கியது.

"இருக்குன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? நம்ம வீட்டுலயே இருந்திருக்கு! 'அதுலயே எழுதியிருக்கு'ன்னு நெமோதோ சொன்னது இதைத்தானா! அவர் மூலமா சந்தைக்கு அனுப்பி, நானே போயி..."

"போன வருஷம் சொன்னேன். 'தைக்காதது தாள்'னீங்க. அதுக்கு முந்தின வருஷமும் சொன்னேன். சோத்தைப் பார்த்துட்டு உக்காந்திருந்தீங்க. நான் சும்மா கொடுத்தா அது குப்பை. சந்தையில ரெண்டு லட்சம்னா நீங்களே வண்டியில வச்சுத் தள்ளிட்டு வருவீங்க." பெட்டிகளைப் பார்த்தாள். "தள்ளிட்டு வந்திருக்கீங்க."

"அது நாலாயி..." என்று தொடங்கி இசோகாய் நிறுத்திக்கொண்டார்.

"ரெண்டு லட்சத்து ஐந்நூத்து இருபது" என்றாள் தோமியே. "ஐந்நூத்துப் பத்துன்னு சீட்டு போட்டது நான்தான். விக்கிறவங்க ஒண்ணு போட்டுக்கலாமாமே. நெமோதோ சான் எழுதிக் கொடுத்தார். நீங்க வர்றதுக்கு முன்னாடியே போன்ல முடிவையும் சொல்லிட்டார்."

"நான் அவ்வளவு எழுதுவேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"ரெண்டு லட்சம்னு நீங்கதானே சொன்னீங்க. மீசை எனக்குத் தெரியாதா? நம்ம கல்யாண நாள்."

இசோகாய் தேநீரை ஒரு வாய் குடித்தார். சூடு தெரியவில்லை. கடைசியாக ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது.

"மத்தவங்க சீட்டுல அதிகபட்சம் என்ன?"

"அறுபத்தோராயிரம்."

வெளியே ஒலிபெருக்கி லாரி பழைய காகிதம், பழைய செய்தித்தாள் என்று கூவிக்கொண்டு மெதுவாகத் தெருவைக் கடந்தது. அது கடந்து போகும் வரை இருவரும் காத்திருந்தார்கள்.

"மார்ச் முடிய இன்னும் பன்னெண்டு நாள் இருக்கு" என்றாள் தோமியே. "நீங்க தொகுதியை இறக்குங்க. நான் தாளைச் செருகறேன். எது எதுக்குன்னு எனக்குத் தெரியும், எல்லாத்தையும் படிச்சிருக்கேன். உங்க கட்டுரையாளருக்கு விலாங்கு மீன் ஆகாது."

"அப்ப சோஷிக்குப் போகலையே நீ?"

"அது அப்புறம். இன்னொண்ணு பாக்கி இருக்கு."

"என்ன பாக்கி? பணந்தான் கட்டியாச்சே?"

தோமியே அவர் முன்னால் இருந்த தேநீர்க் கிண்ணத்தை எடுத்து ஓரமாக வைத்தாள். பெட்டிகளைச் சற்றே நகர்த்தினாள். அவருக்கு முன்னால் பாயில் ஓர் ஆள் குனியும் அளவுக்கு இடம் உண்டானது.

"தலை" என்றாள்.

ஐம்பத்தேழு வயதில் குனிவது எளிதல்ல. இசோகாய் முதலில் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

பல் மருத்துவர் ஏப்ரல் முதல் வாரத்தில் வந்தார். முதல் தொகுதியைத் திறந்தார். கடைசித் தொகுதி வரை திறந்தார். வாங்கிக்கொண்டு போனார். பிறகு அவருடைய நண்பர்கள் வந்தார்கள். பிறகு நகோயாவிலிருந்து கடிதம் வந்தது. 1989-இல் வாங்கிய விலைக்கு ஒன்றும் போகவில்லை. மீட்டர் கணக்கெல்லாம் முடிந்துபோன கதை. ஆனாலும் முப்பத்தெட்டில் முப்பத்தோரு தொகுப்புகள், ஒவ்வொரு தொகுதியிலும் தாளோடு, படியிறங்கிப் போயின. தோமியே தன் இரண்டு லட்சத்தில் நெமோதோவுக்கு ஒரு வேளை விலாங்கு மீன் சாப்பாடு வாங்கிக் கொடுத்தாள். மீதியில் மாடி அறைக்குப் புதுப் பாய்களும் இரண்டு மெத்தைகளும் வந்தன.

மே மாதம் இருபதாம் தேதி காலை, இசோகாய் பள்ளிக்கூடப் பாடலின் இரண்டாவது அடியில் இருந்தபோது, கழிவறைக் கதவு தானாக வந்து சாத்திக்கொண்டது.